ஊரிலிருந்து திரும்பிய மறுநாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல சென்னைப் பக்கம் கிளம்பிவிடுகின்றன. ரங்கநாதன் தெருவில் துணிமணி, மெரினாவில் சுண்டல், மயிலாப்பூரில் கபாலீசுவரர் தரிசனம், வண்டலூரில் புலி, நடுவே ஒரு கல்யாணம், இரண்டு உறவினர் வீடுகளில் விருந்து. இவ்வளவையும் நான்கே நாட்களில் முடித்துக்கொண்டு ஞாயிறு இரவு திரும்புவார்கள். திங்கட்கிழமை விடிந்தால் பள்ளிக்கூடம், அலுவலகம். செவ்வாய்க்கிழமை வீட்டில் சண்டை. "சந்தோஷமாகத்தானே போய் வந்தோம், யார் கண் பட்டதோ!" என்று பாட்டிமார் திருஷ்டி சுற்றிப் போடுவதும் உண்டு. சுற்றட்டும், தவறில்லை. ஆனால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே அதை விளக்கப் பார்க்கிறேன்.

நான் டிப்ளமா முடித்து இரயில்வேயில் சேர்ந்து, பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயணிகள் இறங்கியதும் தொலைதூர வண்டி என்ன ஆகிறது என்று பலருக்குத் தெரியாது. அது யார்டுக்குப் போகும். அங்கே 'பிட் லைன்' என்று ஒரு தடம். தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். கீழே ஒருவர் பிரேக்கையும் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் சோதிப்பார். அதே நேரத்தில் மேலே ஒரு கோஷ்டி கழுவும், ஒரு கோஷ்டி தண்ணீர் நிரப்பும், எலெக்ட்ரீஷியன் விசிறியையும் விளக்கையும் பார்ப்பார், போர்வைகள் சலவைக்குப் போகும். முழுப் பராமரிப்பு என்றால் 6 மணி நேரம் பிடிக்கும். குறை தீராத பெட்டியைக் கழற்றி 'சிக் லைன்' என்ற தடத்துக்கு அனுப்பிவிடுவோம். (இரும்புக்கும் சீக்கு வருமா என்று என் மனைவி கேட்டுச் சிரிப்பாள்.) பிரேக் சரி என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த பிறகே வண்டி மறுபடி பிளாட்பாரத்துக்கு வரும்.

வண்டி ஓட்டியவருக்கும் கணக்கு உண்டு. 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஓட்டிவிட்டுத் தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு, அதற்குக் குறைவாக ஓட்டியிருந்தால் 12 மணி நேரம். இப்படித்தான் எங்கள் காலத்தில் விதி. இரும்புக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கும் இந்த இடைவெளியை நாம் நமக்குக் கொடுத்துக்கொள்வதில்லை.

உடம்புக்கு வருவோம். முதலில் தூக்கம். உறவினர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் வரிசையாகப் படுத்து, நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பது ஆனந்தம்தான். ஆனால் புது இடத்தில் முதல் இரவு மூளை முழுவதும் உறங்குவதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் இதைச் சோதித்து, மூளையின் இடது பாதி ஓரளவு விழிப்போடு காவல் இருப்பதாகக் கண்டார்கள். இதோடு நான்கு நாட்களும் குழந்தைகள் பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்தால், உடம்பின் கடிகாரமும் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. திங்களன்று காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது அந்தக் குழந்தைக்கு அது நடு இராத்திரி போலத்தான். அடம் பிடிப்பதற்கு அடி கொடுத்துப் பயனில்லை. கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெயில். இரண்டு மூன்று நாட்கள் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் நிறுத்தினால் தானே சரியாகும்.

அடுத்தது தட்பவெப்பம். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னையில் வேர்த்துக் கொட்டிவிட்டு, 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் நம் ஊருக்கு ஏறி வருகிறோம். இந்த ஏற்றத்தை 1864-இலேயே இரயில் ஏறிவிட்டது. அந்த ஆகஸ்டில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் வரை பாதை திறந்தார்கள். உயரத்தால் மூச்சு வாங்குகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், இந்த உயரத்துக்கு அது நடக்காது. அசதிக்குக் காரணம் வேர்வையில் போன நீரும் உப்பும். திரும்பிய அன்று உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் போதும், மீண்டும் பிரியாணி வேண்டாம்.

ஆறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தால் பாதம் வீங்கும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் இரத்தம் மேலே ஏறும். இரண்டு காலும் சமமாக வீங்கி மறுநாள் வடிந்தால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. இரயிலில் இடம் கிடைக்காமல் காரில் திரும்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பகலெல்லாம் கல்யாண வேலை, இரவு பத்து மணிக்குப் புறப்பாடு, கிருஷ்ணகிரி தாண்டும்போது விடியற்காலை இரண்டு மூன்று மணி. தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம் அதுதான். ஆஸ்திரேலியாவில் 1997-இல் செய்த ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். காலை ஐந்து மணிக்கு முகூர்த்தத்துக்கு எழுந்த மாப்பிள்ளை, இரவு பத்து மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதே அந்த 17 மணி நேரம் முடிந்துவிட்டது. ஒரு சொட்டுக் குடிக்காதவர் என்று நாம் நிம்மதியாகப் பின்சீட்டில் உறங்குகிறோம்! என் மகனிடம் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. இரவு தங்கி, விடிந்து காப்பி குடித்த பிறகே சாவியைக் கொடுப்பேன். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

வீட்டுக்குள் நடப்பதற்கு வருகிறேன். பிட் லைனில் நான்கைந்து கோஷ்டிகள் ஒரே நேரத்தில் செய்யும் வேலையை வீட்டில் யார் செய்கிறார்கள்? மெரினா மணல் உதிரும் துணி, காலியான ஃபிரிட்ஜ், புளித்துப் போன மாவு, வாடிய துளசி, மறுநாள் டிபன் டப்பா. எல்லாம் ஒரே ஒரு பெண்மணியின் தலையில். அவரும் அதே பயணத்தில் வந்தவர்தான், பல வீடுகளில் அவரும் திங்களன்று வேலைக்குப் போகிறவர். செவ்வாய்க்கிழமைச் சண்டை இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரமும் துணி மடிப்பதும் என் பொறுப்பு. காய்கறி மகன். பேரன் தன் பையைத் தானே பிரிக்க வேண்டும். மருமகள் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். முதல் தடவை அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தாள்.

நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்த ஜெசிகா டி ப்ளூம் என்ற அம்மையார், விடுமுறையால் கிடைக்கும் உற்சாகம் வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடுகிறது என்கிறார். அந்த ஒரு வாரத்தையும் அழுக்குத் துணியோடு கழிப்பானேன்?

ஆகவே ஞாயிறு இரவுக்குப் பதில் சனிக்கிழமையே திரும்பிவிடுங்கள். ஒரு நாள் குறைந்தால் ஓர் உறவினர் வீடு விட்டுப்போகும். அவர்களை அடுத்த முறை இங்கே அழைத்துக்கொள்ளலாம். இரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. கர்நாடகத்தில் பள்ளிகள் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலேயே திறந்துவிடுவதால், அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கான டிக்கெட்டை மார்ச் கடைசி வாரத்தில் காலை எட்டு மணிக்கே எடுத்து வையுங்கள். பகல் வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது.