களத்துச் சேவல், கண்காட்சிச் சேவல்

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. சண்டைக் கோழிக்கு எடுத்த கல் அது. கோழி உருவமும் பக்கத்தில் வட்டெழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டு அறிந்தவர்களின் கணிப்பு. போரில் விழுந்த மனிதனுக்குச் செய்யும் மரியாதையைக் கோழிக்கும் செய்த மண் இது. அந்தக் கோழியின் நிறம் என்ன, மினுமினுப்பு எப்படி என்பதையெல்லாம் அந்தக் கல்லிடம் கேட்க முடியாது. களத்தில் நின்றது, பெயர் வாங்கியது, அவ்வளவுதான் அதன் தகுதி.

இன்று திண்டுக்கல் பக்கம் நடக்கிற கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகளில் சேவல் யாரையும் அடிக்க வேண்டாம். நிமிர்ந்து நின்றால் போதும். மூக்கு கிளிக்கு இருப்பது போலத் தடித்து வளைந்திருக்கிறதா, கண் வெளுப்பாக இருக்கிறதா, கழுத்தும் கால்களும் உடம்புக்குப் பொருத்தமா, வால் நீண்டு விசிறிபோல் விரிகிறதா, நிறம் கலப்பில்லாமல் பளபளக்கிறதா என்று நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்கிற சேவல்களும் அங்கே நிற்கின்றன. பெருவிடை என்று நாம் சொல்கிற அதே அசில் சாதியின் ரத்தம்தான் இவற்றுக்கும். களத்துக்கு வளர்த்த பறவை காட்சிக்கு வளர்கிற பறவையாகிவிட்டது. இந்த மாற்றத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். விலங்குகளையும் பறவைகளையும் ஒன்றோடொன்று மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு போன்ற ஊர்களில் பொங்கலையொட்டி நடந்துவந்த சேவல்கட்டு, நீதிமன்றப் படி ஏறிக் கேட்டு வாங்க வேண்டிய விஷயமானது. சேவலை விட மனமில்லாத பலருக்குக் கண்காட்சி ஒரு நல்ல வழியாக அமைந்தது. கத்தியில்லை, ரத்தமில்லை, போலீஸுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறவன்தான். ஆனால் சேவலைப் பார்க்கிற கண்ணும் கூடவே மாறிவிட்டதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழைய சேவல்கட்டுக்காரர்களும் நிறம் பார்த்தார்கள். அழகுக்காகப் பார்க்கவில்லை, பஞ்சபட்சிச் சாஸ்திரத்துக்காகப் பார்த்தார்கள். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று ஐந்து தொழில்கள். பகலை ஆறு நாழிகை வீதம் ஐந்து சாமமாக வகுத்து, கிழமையையும் வளர்பிறை தேய்பிறையையும் வைத்து, எந்தப் பட்சிக்கு எந்தச் சாமத்தில் எந்தத் தொழில் என்று கணக்குப் போடுவார்கள். சேவலை அதன் இறகு நிறம் பார்த்து இந்த ஐந்தில் ஒன்றில் சேர்ப்பது வழக்கம். நம் சேவல் அரசில் இருக்க, எதிராளியின் சேவல் துயிலிலோ சாவிலோ இருக்கிற நேரம் பார்த்துக் களத்தில் இறக்குவார்கள். தோற்றால் சேவல்மேல் பழியில்லை, சாமம் தப்பிவிட்டது என்பார்கள்.

எனக்கு அந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதனால் ஒரு நன்மை விளைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எந்த நிறத்துக்கும் எல்லாச் சாமத்திலும் அரசு வராது. ஆகவே எண்ணெய்க்கருப்பு, கீரி, செவலை, கொக்கு வெள்ளை என்று பல நிறமும் ஊருக்குள் இருந்தாக வேண்டியிருந்தது. யாரும் திட்டம் போடாமலே கோழிகளின் ரத்தம் விரிந்து கிடந்தது. இப்போது ஒரு கண்காட்சியில் ஒரு சேவல் முதல் பரிசு வாங்கினால் அடுத்த வருடம் நாலு மாவட்டத்தில் அதன் பிள்ளைகள்தான். அண்ணன் தங்கையை, அப்பன் மகளைச் சேர்த்தாவது அந்த மூக்கையும் வாலையும் நிலைநிறுத்தப் பார்க்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முதலில் அடிபடுவது நிறமோ வாலோ அல்ல. முட்டை கூமுட்டையாகும், பொரிப்பு குறையும், பொரிந்த குஞ்சு சோர்ந்து சாகும். வால் மட்டும் அழகாகத்தான் இருக்கும்.

நிறம் தலைமுறை தாண்டி எப்படி வருகிறது என்பதில் அன்றைய ஆட்களுக்குக் கைப்பழக்கம் இருந்தது, காரணம் தெரியாது. காரணத்தைக் கண்டுபிடித்ததிலும் கோழிக்குப் பெரிய பங்கு உண்டு. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். கொண்டையை நம்மவர்கள் பூ என்பார்கள். நிமிர்ந்து நிற்கிற கத்திப்பூ ஒடுங்கி மறைந்திருக்கக் கூடிய குணம். தாழ்ந்த பூ உள்ள தாய் தகப்பன் இரண்டும் அதை உள்ளுக்குள் மறைத்து வைத்திருந்தால், நாலில் ஒரு குஞ்சு கத்திப்பூவோடு எழும்பும். உடனே, முட்டையை மாற்றிவிட்டான் என்று விற்றவர் வீட்டு வாசலில் சண்டை. வெள்ளையிலும் இப்படி ஒடுங்கிக் கிடக்கிற வகை உண்டு, கருப்பு ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு பொரிப்பது அதனால்தான். சாம்பல் நிறம் இன்னும் வேடிக்கை. அந்த நிறச் சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் பாதிதான் சாம்பல், கால் பங்கு கருப்பு, மீதிக் கால் பங்கு அழுக்கு வெள்ளையில் திட்டுத் திட்டாக வரும். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சுத்தமான சாம்பல் ரகம் என்று சொல்லி விற்கிறவர் ஒன்று இதை அறியாதவர், இல்லை அறிந்தே விற்கிறவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்க நிறமா வெள்ளி நிறமா என்பது, இறகில் குறுக்குப் பட்டை விழுமா என்பது போன்ற சில குணங்கள் ஆண், பெண் என்கிற பாலோடு ஒட்டிப் போகிறவை. அவற்றைப் பெட்டைக் குஞ்சு தகப்பனிடமிருந்து மட்டுமே பெறும். தாய்க்கோழி தன்னிடமுள்ளதைச் சேவல் குஞ்சுகளுக்குத்தான் கொடுக்கும். நல்ல சேவல் வேண்டுமானால் நல்ல தாயைப் பிடி என்று பழைய ஆட்கள் சொன்னதற்கு இப்படி ஒரு பக்க நியாயம் இருக்கிறது. அவர்கள் சேவலை விற்பார்கள், தாய்க்கோழியை விற்க மாட்டார்கள். முட்டை கொடுக்க நேர்ந்தால்கூடப் பொரிக்காதபடி ஊசியால் ஒரு குத்து குத்திக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்று பேசிக்கொள்வார்கள். அற்பத்தனம்தான், ஆனால் எதில் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த அற்பத்தனம். இன்றைய கைப்பேசிப் படங்களைப் பாருங்கள். எல்லாம் சேவல். பெட்டையைத் தேடினாலும் கிடைக்காது.

குஞ்சு விஷயத்துக்கு வருவோம். அன்றைய முறையில் வேலையெல்லாம் கோழிக்குத்தான். பெருவிடைப் பெட்டை கனமானது, முட்டையை மிதித்து உடைத்துவிடும். ஆகவே அதன் முட்டைகளை எடை குறைந்த சிறுவிடைக் கோழிக்கு அடை வைப்பார்கள். கூடையில் மணலோ வைக்கோலோ போட்டு, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். 21ஆம் நாள் பொரிப்பு. பிறகு பகலில் தாயோடு மேய்ச்சல், இரவில் பஞ்சாரம். தீனி நொய்யரிசி, கம்பு, கேழ்வரகு. வசதியும் அக்கறையும் உள்ள வீட்டில் கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகள் அதன்மேல் விழுந்து கொத்துகிற வேகம் பார்க்க வேண்டிய காட்சி.

அந்தக் கரையான்தான் அன்றைய முறையின் உயிர்நாடி. இறகு ஏறத்தாழ முழுக்கப் புரதம். குறிப்பாக மெத்தியோனின், சிஸ்டின் என்கிற கந்தகம் சேர்ந்த புரதக் கூறுகள் அதற்கு வேண்டும், அவை தானியத்தில் குறைவு. பூச்சியிலும் கருவாட்டிலும் உண்டு. கரையான் தின்று வளர்ந்த குஞ்சுக்கு இறகு நெருக்கமாக முளைத்தது, வெறும் நொய் தின்ற குஞ்சு பாதி மொட்டையாகத் திரிந்தது. மினுமினுப்பு ரத்தத்தில் வரும் என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள். நிறம் ரத்தத்தில் வரும், மினுமினுப்பில் பாதி தீனியில் வரும். இறகு முளைக்கிற நாளில் பட்டினி கிடந்தால் வால் இறகில் குறுக்கே மெலிந்த கோடு விழும், பின்னால் அந்த இடத்தில் ஒடியும். மஞ்சள் காலும் அப்படித்தான். மரபில் மஞ்சள் இருந்தாலும் கீரையோ மக்காச்சோளமோ கிடைக்காவிட்டால் வெளுத்துப் போகும்.

வெறும் அரிசியின் ஆபத்தை உலகுக்குச் சொன்னதும் கோழிதான். ஜாவாத் தீவில் 1890களில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். வைட்டமின் என்ற கருத்துக்கு அது ஒரு தொடக்கம், 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊர்களில் குஞ்சு விரல் சுருண்டு கணுக்காலில் உட்கார்ந்தால் கண்ணேறு என்று சுற்றிப்போட்டார்கள். ரைபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் குறைந்தாலும் அப்படி விரல் சுருளும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

அன்றைய வளர்ப்பைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பருந்து, காகம், பூனை, கீரி தப்பிய குஞ்சை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோனது. 1920களில் இந்தியாவில் இந்த நோய் கண்டறியப்பட்ட மலைநகரத்தின் பெயரால் அதை ராணிக்கேட் என்கிறோம். ஒரே வாரத்தில் தெருவே காலியாகும். அதற்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பு மட்டும் இன்று உண்டு. 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்துகிற இருவார முகாமில் காசில்லாமலே போடுகிறார்கள். புறக்கடைக் கோழிகளுக்காகத் தீனியோடு போடுகிற குருணைத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. கைமருந்து என்று ஆயிரம் சின்ன வெங்காயம் அரிந்து போட்டாலும் இந்த ஒரு சொட்டுக்கு ஈடாகாது.

இப்போது முட்டை இன்குபேட்டரில் பொரிகிறது, தாய்க்கு ஓய்வு. பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும். பெட்டியில் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவது அதனால்தான். வந்ததும் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் வெல்லமோ வைட்டமினோ. பிறகு தீனி. வெப்பம் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. பழைய குண்டு பல்புதான் இதற்கு வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், குஞ்சைக் காப்பாற்றாது.

தீனியில்தான் புதிய தவறு நுழைந்திருக்கிறது. குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் 20 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் போதுமானது. சீக்கிரம் பெரிதாகட்டும் என்று பிராய்லர் தீவனத்தையே மாதக்கணக்கில் கொட்டுகிறார்கள். ஆறு வாரத்தில் கறிக்குப் போகிற பறவைக்காகச் செய்த தீவனம் அது. வருடக்கணக்கில் நிற்க வேண்டிய பெருவிடைக்கு உடம்பு முந்தி, கால் பிந்துகிறது. இன்னும் சிலர் செலவு மிச்சம் என்று பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை இடித்துப் போடுகிறார்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும், தீனியே போடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை.

நிறத்தைப் பார்த்துக் குஞ்சு வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள். குஞ்சின் பஞ்சு ரோமத்தை வைத்து வளர்ந்த சேவலின் நிறத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. இறகு பலமுறை உதிர்ந்து முளைத்து, ஆறேழு மாதத்தில்தான் நிறம் நிலைக்கும். ஒரு மாதக் குஞ்சின் படத்தைக் காட்டி இன்ன நிறம் வரும் என்று உறுதி சொல்கிறவர் பஞ்சபட்சி பார்த்தவரைவிட எந்த வகையிலும் மேலானவர் அல்ல.

எனவே வாங்கப் போகிறவர்கள் சேவலின் வாலை ரசித்த பிறகு மூன்றைக் கேளுங்கள். தாய்க்கோழியை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாயும் தகப்பனும் என்ன உறவு என்று கேளுங்கள். குஞ்சுக்கு எந்தத் தேதியில் சொட்டு மருந்து விட்டார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.