பத்மினிக்கு மறுவாழ்வு

டாக்ஸிகள் ஓய்வு பெற்றுவிட்டன. மும்பையின் பழைய ஃபியட் அபிமானிகளுக்கு இனிமேல்தான் உண்மையான சோதனை.

2023 அக்டோபர் 30ஆம் தேதி மும்பையில் ஒரு காரின் ஆயுள் சட்டப்படி முடிந்தது. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான அந்தக் கறுப்பு-மஞ்சள் வண்டிதான் நகரின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி. மும்பையில் டாக்ஸிக்கு 20 ஆண்டுதான் ஆயுள். அதற்கு ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 15 அன்று, பெஸ்ட் நிறுவனத்தின் கடைசி டீசல் டபுள் டெக்கர் பஸ்ஸும் விடைபெற்றிருந்தது. ஒரு பத்மினியையாவது நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்ஸி சங்கம் அரசைக் கேட்டுக்கொண்டது. பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

ஆனால் பத்மினி இறந்துவிடவில்லை. மாதுங்காவின் மரநிழல் தெருக்களிலும் செம்பூரின் பழைய காலனிகளிலும் துணி போர்த்தி நிற்கும் சொந்த வண்டிகள் இன்னும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை போர்வையை விலக்கி, பானெட்டைத் திறந்து, கையெல்லாம் கிரீஸாக்கிக்கொள்ளும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது அப்பா வாங்கிய கார். முப்பது வயதுக்காரர்களுக்கு, கம்ப்யூட்டர் இல்லாமல் தானே கழற்றி மாட்டக்கூடிய கார். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: துருவோடு ஓயாத யுத்தம்.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு முரண் உண்டு. பளபளக்கும் ஃபியட்டின் சொந்தக்காரர், புகை கக்கிய டாக்ஸியைத் தன் இனமாக நினைத்ததில்லை. ஆனால் அவருடைய காரைக் காப்பாற்றி வந்தது அந்த டாக்ஸிதான். பல்லாயிரம் டாக்ஸிகள் தினமும் ஓடியதால்தான் பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் தெருமுனையில் கிடைத்தன. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகள் ஒவ்வொரு பேட்டையிலும் இருந்தார்கள். இப்போது அந்த அஸ்திவாரம் போய்விட்டது.

பன்றி மூக்கும் சாஸ்திரியின் கடனும்

இந்தக் கார் மும்பைக்காரர்களுக்கு வெறும் கம்பெனிப் பெயர் அல்ல, உள்ளூர்ச் சரக்கு. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சயானிலிருந்து வடக்கே செல்லும் எல்.பி.எஸ். மார்க்கில், குர்லாவில் தொழிற்சாலை வைத்திருந்தது. 1950களில் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு 1100 வரிசைக் கார்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் வந்த உருண்டை வண்டியின் நீண்ட மூக்கைப் பார்த்து மும்பை வைத்த பெயர் 'டுக்கர் ஃபியட்'. டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. இந்த வண்டியில் முன்கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்கி, தலைகீழாகத் திறக்கும். இன்று அபிமானிகள் தேடித் தேடி வாங்குவது இதைத்தான்.

1960களின் நடுவில் நேர்கோட்டு உடலுடன் 1100 டி வந்தது. இத்தாலிய உரிமம் முடிந்த பிறகு 1970களில் அதே கார் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது. பிறகு சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி. பெயர்தான் மாறியதே தவிர, உள்ளே இருந்தது அதே 1,089 சி.சி. எஞ்சின், சுமார் 40 குதிரை சக்தி, ஸ்டியரிங் தண்டிலேயே கியர்.

பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1964 மாடல் ஃபியட் ஒன்றை 12,000 ரூபாய்க்கு வாங்கினார். கையிருப்பு போதாமல் பஞ்சாப் நேஷனல் பாங்கில் 5,000 ரூபாய் கடன். 1966இல் அவர் தாஷ்கண்டில் மறைந்த பிறகு, மனைவி லலிதா தன் பென்ஷனிலிருந்து அந்தக் கடனை அடைத்தார். பிரதமருக்கே கடன் என்றால் மற்றவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்? பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. 1983இல் மாருதி வரும்வரை, மும்பைத் தமிழர்களில் கார் வாங்க முடிந்த பல குடும்பங்களுக்கு முதல் கார் ஃபியட்தான். அதை விற்க மனம் வராததற்குப் பாதிக் காரணம் இந்தக் காத்திருப்பு.

2000ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. குர்லா தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று கோஹினூர் சிட்டி என்ற வளாகம் நிற்கிறது.

பட்டி பூசினால் போதாது

பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள். அனுபவசாலிகள் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது. அம்பாசடரைப் போலவே ஃபியட்டுக்கும் லாரி போலத் தனியாகச் சட்டம் கிடையாது. உடற்கூடே சட்டம். தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள அடிப்பெட்டியும் துருப்பிடித்தால் போவது அழகு மட்டுமல்ல, காரின் முதுகெலும்பு. கடல்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள மும்பையில் துரு முதலில் கை வைப்பது அங்கேதான். கதவு சரியாக மூடவில்லை என்றால் கீல் தேய்ந்திருக்கலாம். கூடு தொய்ந்துபோயிருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

மலிவான டிங்கர் வேலை துருவின் மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடும். இரண்டு மழைக்காலம் தாங்கும். முறையான வேலை என்பது நோயுற்ற தகட்டை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து, பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுப்பது. கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும் என்பதால் நல்ல பட்டறைகள் மிக் வெல்டிங் பயன்படுத்துகின்றன. செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. பார்வைக்குத் தெரியாத இடத்தில்.

எஞ்சின் அவ்வளவு பயமுறுத்தாது. நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஜோடி பிளாட்டினம் பாயின்ட். பாயின்ட்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு; அது கொஞ்சம் பிசகினால் வண்டி இருமும். முன்சக்கரக் கிங் பின்களுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்தால் இரண்டாவது கியரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவதால், நெரிசலில் ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதிக்கும். சிலர் எலெக்ட்ரிக் விசிறி பொருத்துகிறார்கள். 'அது பாவம்' என்று பிடிவாதக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கடைத்தெருவே கிடங்கு

மேல்நாட்டில் இதே மோகம் வேறு உருவில் இருக்கிறது. 1950இல் ஜெர்மனியில் பிறந்த ஃபோக்ஸ்வேகன் வேனைப் படுக்கையும் அடுப்பும் உள்ள நடமாடும் வீடாக மாற்றிக்கொண்டவர்கள், 1960களிலும் 70களிலும் இஸ்தான்புல், காபூல் வழியாக இந்தியாவுக்கே வந்தார்கள். 1979இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்த வழியை அடைத்தன. பிரேசிலில் 2013 வரை தயாரான அந்த வேனுக்கு இன்றும் புது உதிரிபாகம் செய்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. தரைத் தகடுகூட தபாலில் வரும். பழைய வேன் வைத்திருப்பவருக்குப் பணம் இருந்தால் போதும்.

பத்மினிக்காரருக்குப் பணம் மட்டும் போதாது, கால்நடையும் வேண்டும். அவருடைய கிடங்கு நகரமே. குர்லாவின் சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உதிரிபாகக் கடைகள். தெற்கே சோர் பஜாரில் ஹார்ன் பட்டன், கதவுக் கைப்பிடி, சில சமயம் அசல் கடிகாரம். கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். பம்பருக்கு நிக்கல்-குரோம் முலாம் பூச ஒருவர். சீட் உறைக்கு, தோலும் ரெக்சினும் தைத்துப் பழகிய தாராவியின் கைகள். திருநெல்வேலியிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை அது. நகரம் தூக்கியெறிந்ததைப் பிரித்து, தரம் பார்த்து, மறுபடி பொருளாக்குவது அங்கே தினசரிப் பிழைப்பு. பொழுதுபோக்குக்காரர் ஞாயிறன்று ஆசையாகச் செய்வதை அவர்கள் வாரம் முழுக்க வயிற்றுக்காகச் செய்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் இப்போது தளர்ந்துவிட்டன. ஓய்வு பெற்ற டாக்ஸிகள் காயலான் கடைக்குப் போனபோது சில வருஷங்களுக்கு உதிரிபாகம் தாராளமாகக் கிடைத்தது. அது வற்றும் ஊற்று. இனி உடைக்க டாக்ஸி வராது. மறுசீரமைப்புத் திட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் தாராவியில், சிறு பட்டறைகள் அதே இடத்தில், அதே வாடகையில் தொடர்வது எளிதல்ல. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுக் கோபுரங்கள் எழும்போது, ஓடாத காரை மாதக்கணக்கில் பிரித்துப்போட இடமும் இருக்காது.

நடுவயதின் நெருக்கடி

சட்டமும் சோதிக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025இல், 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் பழைய வண்டிக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு.

இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. 50 வயதைத் தாண்டி, கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். பத்தாண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்ற தனி முத்திரை. ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தவிர தெருவில் ஓட்டக்கூடாது. தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது.

டுக்கர் ஃபியட்டுக்கு இது கௌரவம். 1985 பத்மினிக்கு? நாற்பது வயதில் அது சட்டத்தின் கண்ணில் கிழவி. விண்டேஜ் ஆகவோ பத்தாண்டு போதாது. அந்தப் பத்தாண்டையும் தாண்டிப் பிழைத்தால்தான் மரியாதை. நெரிசலைச் சமாளிக்க வேறு கம்பெனி எஞ்சினைப் பொருத்தியவர்களுக்கு அந்த மரியாதையும் சந்தேகம்தான். எலெக்ட்ரிக் விசிறியைப் பார்த்து முகம் சுளித்த பிடிவாதக்காரர்களின் பக்கம் சட்டமே சாய்ந்திருக்கிறது.

புதிய எதிரி பெட்ரோல். நாடு முழுக்க 20 சதவிகித எத்தனால் கலந்த எரிபொருள் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாரத்தில் ஆறு நாள் நிற்கும் காரின் டாங்கில் அந்த ஈரம் துருவாகும். பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, கசியும். சூடான எஞ்சின் பக்கத்தில் கசியும் பெட்ரோல் விளையாட்டு விஷயமல்ல. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, கார்புரேட்டர் ஜெட்டைச் சரிசெய்வது, பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுவது ஆகியவைதான் பரிகாரம். அசல் பாகத்தில் உயிராக இருப்பவர்களும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கை மறந்தால் கார் இல்லை

காட்சிக்கு வைப்பதில் குறை இல்லை. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயர் சொல்லும் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. மும்பையில் ஆணிக் டெப்போவில் பெஸ்ட் தன் பழைய வண்டிகளின் நினைவைப் பாதுகாக்கிறது. விண்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் நடத்தும் ராலிகளில் ரோல்ஸ்ராய்ஸ்கள் அணிவகுக்கின்றன. மகாராஜாக்களின் கார்களைக் காப்பாற்றப் பணக்காரர்கள் இருக்கிறார்கள். குமாஸ்தாவும் டாக்டரும் டாக்ஸிக்காரரும் ஓட்டிய காரைக் காப்பாற்ற அந்த அளவுக்குப் பணம் வராது. அது பிழைக்க வேண்டுமானால் மலிவாகப் பிழைக்க வேண்டும்.

மலிவு என்றால் மெக்கானிக். ஓடும் சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்லும் மிஸ்திரி, மேனுவல் படித்துக் கற்றவர் அல்ல. டாக்ஸிக்காரர்கள் காத்திருக்க, தினம் நான்கு வண்டி பார்த்துப் பழகியவர். இன்று அவர் வயதானவர். அவருடைய உதவிப் பையன் ஸ்கேனர் கருவியைச் செருகிப் புதுக் கார் பார்க்கத்தான் விரும்புவான், சம்பளம் அங்கேதான்.

விவரம் தெரிந்த அபிமானிகள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உதிரிபாகத்தைச் சேர்ப்பதோடு நிற்காமல், மிஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து கார்புரேட்டர் பிரிக்கக் கற்கிறார்கள். அளவுகளை எழுதி வைக்கிறார்கள். தேய்ந்த புஷ்ஷை எடுத்துப்போய் ஒன்றுக்குப் பதில் இருபதாகக் கடைந்து, நண்பர்களுக்குப் பங்கு போடுகிறார்கள். டாக்ஸிகள் செய்துவந்த காரியத்தை ஒரு சின்னக் கூட்டம் தன் தோளில் ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறது. தகடு கிடைக்கும், பெயின்ட் கிடைக்கும். அந்தக் கைப்பழக்கம் அடுத்த கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் 1985இன் பத்மினி தன் ஐம்பதாவது பிறந்தநாளைத் தெருவில் கொண்டாடும்.