மும்பையில் மழைநீர் வடிகால் சீரமைப்பு

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அத்தகைய பெருமழையை எந்நகரின் வடிகாலும் முற்றிலும் தாங்கியிராது. ஆனால் தாழ்வான பகுதிகளில், ஆண்டுதோறும் பெய்யும் வழக்கமான மழைக்கே தெருக்களில் முழங்காலளவு நீர் தேங்கி வந்ததற்கு இயற்கையை மட்டும் குறைகூற இயலாது.

அந்நகரின் பழைய வடிகால்கள், தாழ் ஓத வேளையில் மணிக்கு 25 மி.மீ. மழைநீரை வெளியேற்றும் அளவில் அமைக்கப்பட்டவை. பெய்யும் நீரில் ஏறத்தாழப் பாதி நிலத்தில் தங்கிவிடும் என்பது அன்றைய கணக்கு. 1993இல் அளிக்கப்பட்ட ‘பிரிம்ஸ்டோவாட்’ அறிக்கை, வடிகால்களின் திறனை மணிக்கு 50 மி.மீ. மழைக்கு ஏற்றவாறு உயர்த்துமாறு பரிந்துரைத்தது. இது இருமடங்கு என்று தோன்றும். உண்மையில் சுமை அதனினும் பெரிது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் 250 கன மீட்டர் நீர் சேரும். பாதி நிலத்தில் தங்கினால் வடிகாலுக்கு வருவது 125 கன மீட்டரே. அதே நிலம் தார்ச் சாலையாலும் சிமெண்ட் தளத்தாலும் முழுவதும் மூடப்பட்டு, 50 மி.மீ. மழையும் பெய்தால் 500 கன மீட்டர் வந்து சேரும். அதாவது நான்கு மடங்கு.

வடிகாலை அகலப்படுத்தினால் மட்டும் போதுமா? மும்பையில் மழைநீர் கடலிலும் கழிமுகங்களிலும் கலக்கும் வாய்கள் 186 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுள் 45 சராசரிக் கடல்மட்டத்திற்கும் கீழே உள்ளன. 135 அதற்கு மேலிருந்தும் உயர் ஓத மட்டத்திற்குக் கீழ்ப்பட்டவை. எஞ்சிய 6 மட்டுமே எவ்வேளையிலும் தடையின்றி நீரை வெளியேற்ற வல்லவை. உயர் ஓதத்தின்போது வாய்களைத் திறந்து வைத்தால் கடல்நீர் உட்புகும். மதகிட்டு மூடினால் மழைநீர் உள்ளேயே நிற்கும். இதன் பொருட்டே ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ் முதலிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் நிறுவப்பட்டன. எனினும் 1993ஆம் ஆண்டின் பரிந்துரைகளில் பெரும்பகுதி 2005 வரை ஏட்டளவிலேயே நின்றது. 2007இல்தான் மத்திய அரசு சுமார் 1,200 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

பணிகளின் வரிசைமுறையே இங்குத் தலையாய பிரச்சினை. மேட்டுப்பகுதித் தெருவில் வடிகாலை அகலமாக்குவது எளிது; பயனும் உடனே கண்ணுக்குத் தெரியும். ஆனால் கீழ்ப்பகுதியும் கடல்வாயும் பழைய நிலையிலேயே இருப்பின், ஒரு தெருவின் நீர் முன்னினும் விரைவாக மற்றொரு தெருவின் வீடுகளுக்குள் புகும். தாழ்வில் வாழ்வோர் பெரும்பாலும் வசதி குறைந்தோர் என்பதால், இதனைப் பொறியியல் பிழை என்று மட்டும் கொள்வதற்கில்லை. பணி கடைவாயிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே முறை. பராமரிப்பும் அவ்வாறே. பருவமழைக்கு முன் தூர்வாராத புதிய வடிகால், வண்டலும் குப்பையும் படிந்து பழைய வடிகாலின் அளவிற்கே சுருங்கிவிடும். மூலதனச் செலவிற்குக் கிடைக்கும் கவனம் தூர்வாரும் செலவிற்குக் கிடைப்பதில்லை.

தாதர் அருகிலுள்ள ஹிந்த்மாதா, தட்டுப்போன்ற தாழ்நிலம். நீரேற்று நிலையம் அமைந்த பின்னும் அங்கு நீர் தேங்கியது. ஆகவே அண்மையிலுள்ள பூங்கா, மைதானம் ஆகியவற்றின் அடியில் பெருந்தொட்டிகள் அமைக்கும் பணி 2021இல் மேற்கொள்ளப்பட்டது. ஓதம் தணியும்வரை நீர் அங்கே காத்திருக்கும். பின்னர் வடிகாலுக்குத் திருப்பப்படும்.