குருவற்ற 29 ஆண்டுகள்

விசுவாசத்தைக் காத்தவர் என்றதும், வாளுக்குமுன் நின்ற வேதசாட்சிகளே நினைவிற்கு வருவர். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் அதனை வேறு விதமாகக் காத்தனர்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க குருமார் நாடுகடத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்குப் புகலிடம் அளித்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. பிள்ளையின் ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தரின் பதிவேட்டில் ஏறினாலன்றிச் சட்டத்தின்முன் செல்லா. ஆகவே பலர் அங்குச் சென்று பெயர் பதிந்தனர். இதனைக் கோழைத்தனம் என்பது எளிது. ஆயின், முதுசச் சொத்தும் மக்களின் உரிமையும் பறிபோகும் நிலையில் நின்றவனை அவ்வாறு பழித்தல் நியாயமன்று. பகலிற் பதிவேட்டை நாடியவர்களுட் பலர், இரவிற் கதவடைத்துச் செபமாலை ஓதினர். பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது.

1687இல் கோவாவிலிருந்து ஒருவர் வந்தார். 2015இல் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசே வாஸ் அடிகளாரே அவர். கூலியாள் வேடத்திற் கரையேறிய அவருக்கு, கத்தோலிக்கர் யாவர் என வாய்விட்டு வினவ வழியில்லை. எனவே கழுத்திற் செபமாலை தெரிய, இரப்போன்போல் வீடுவீடாகச் சென்றார். மாலையைக் கண்டு வெறுப்போர் எவர், ஆவலோடு நோக்குவோர் எவர் எனக் கவனித்தார். வார்த்தையொன்றும் பேசாத அந்தச் சோதனையில், 29 ஆண்டுகள் மறைந்து கிடந்தது வெளிப்பட்டது.

நம்பிக்கைக்குரியோர் அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கும் பூசை இரவிலேயே நிகழ்ந்தது. முதியோர் மீண்டும் நற்கருணை பெற்றனர். இளையோர் பலர் அன்றுதான் குருவானவர் ஒருவரை முதன்முறையாகக் கண்டனர். விடியுமுன் யாவரும் வீடு திரும்பினர்.