உப்பை விலக்கும் சவ்வு மின்சாரமும் தருகிறது!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், கொலிங்கா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊர். பூமியைத் தோண்டினால் தண்ணீரும் வரும். ஆனால் அதை வாயில் வைக்க முடியாது. அவ்வளவு கரிப்பு!

1950-களில் இந்த ஊர் வீடுகளில் 3 குழாய்கள் இருந்தன. ஒன்றில் வெந்நீர். மற்றொன்றில் பச்சைத் தண்ணீர். இரண்டும் குளிக்கவும் துவைக்கவும்தான். மூன்றாவது குழாயில் குடிதண்ணீர் வந்தது. அது ரெயிலில் கொண்டுவந்த தண்ணீர்!

ரெயில் தண்ணீர் என்றால் என்ன என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் வந்த தண்ணீரை அவர்களும் குடித்தார்கள்.

கொலிங்காவில் 1959-ல் மின்சாரத்தைக் கொண்டு உப்பைப் பிரிக்கும் ஒரு முறை வந்தது. ரெயில் தண்ணீர் நின்றது. 1965-ல் அதைவிடப் பெரிய புதுமை வந்து சேர்ந்தது. கொதிக்க வைக்க வேண்டாம், ஆவியாக்க வேண்டாம். ஒரு மெல்லிய சவ்வுக்குள் உப்புத் தண்ணீரை அழுத்தினார்கள். நல்ல தண்ணீர் சொட்டியது. நாள் ஒன்றுக்கு சுமார் 5 ஆயிரம் காலன்!

ஊறுகாய் ஜாடியில்...

இது என்ன மாயம்? மாயம் எதுவும் இல்லை. நம் வீட்டுச் சமையல் அறையிலேயே இதன் மூலம் இருக்கிறது.

மாங்காயை நறுக்கி, உப்பைப் பிசறி, ஜாடியில் போட்டு மூடுகிறோம். மறுநாள் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. யார் ஊற்றினார்கள்? யாரும் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த நீர், உப்பு அதிகம் உள்ள பக்கத்துக்கு வந்துவிட்டது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் எதிர்மாறாக நடக்கிறது. உள்ளே சர்க்கரை அதிகம். ஆகவே வெளியில் உள்ள நீர் உள்ளே புகுகிறது. திராட்சை உப்பி விடுகிறது.

இதற்குச் "சவ்வூடு பரவல்" என்று பெயர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த நொல்லே என்ற பாதிரியார் 1748-ம் ஆண்டிலேயே பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து இதைப் பார்த்து எழுதினார்.

நல்ல தண்ணீருக்கும் கடல் நீருக்கும் நடுவில் ஒரு சவ்வைக் கட்டினால், நல்ல தண்ணீர் கடல் நீரை நோக்கிப் பாயும். அந்த வேகம் சாதாரணமானது அல்ல. காற்றின் அழுத்தத்தைப்போல் 25 மடங்குக்கும் மேல்! தண்ணீரை 250 மீட்டருக்கு மேலே தூக்கிவிடும். தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தைப்போல் சுமார் 4 மடங்கு உயரம்.

அதைவிட அதிகமாகக் கடல் நீரை நாம் அழுத்தினால்? ஓட்டம் திரும்பிவிடும். உப்பு ஒரு பக்கம் நின்றுவிட, நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கிறோமே "ஆர்.ஓ." பெட்டி, அதில் நடப்பதும் இதுவேதான்.

திருப்பிப் போட்டார்கள்!

இதைச் சாதித்தவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். என்ஜினீயராக வேலை பார்த்துவிட்டு, 40 வயதில் மறுபடி கல்லூரிக்கு வந்தவர். இன்னொருவர் சௌரிராஜன். ஆம், இந்தியாவில் இருந்து சென்ற விஞ்ஞானி! இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள்.

உப்பைத் தடுக்கும் சவ்வு முன்பே இருந்தது. ஆனால் தண்ணீர் மிகவும் மெதுவாகக் கசிந்தது. ஒரு டம்ளர் நிறையக் காத்திருந்தால் தாகத்தில் உயிரே போய்விடும்! இவர்கள் கடையில் விற்ற ஒரு சவ்வை வாங்கி, நீரில் இட்டுச் சூடாக்கிப் பார்த்தார்கள். ஒரு நாள் நல்ல தண்ணீர் வந்தது. இன்னொரு நாள் உப்புத் தண்ணீரே வந்தது. அதே சவ்வு, அதே சூடு. காரணம் என்ன?

சவ்வுக்கு இரண்டு முகம் இருந்தது! ஒரு முகத்தை உப்பு நீர்ப் பக்கம் வைத்தால் பலித்தது. திருப்பி வைத்தால் பலிக்கவில்லை. ஒரு பக்கத்தில் மிக மெல்லிய, நெருக்கமான தோல். அதன் கீழே கடற்பஞ்சு போன்ற தாங்கி. இந்த அமைப்பைத் தாங்களே செய்யக் கற்றார்கள். தண்ணீர் முன்னைவிடப் பல மடங்கு வேகமாக வந்தது. கொலிங்காவுக்குப் போனது இந்தச் சவ்வுதான்.

சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் இதே வழியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் திறக்கப்பட்டன. ஆனால் அழுத்தம் இலவசமாக வராதே! 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டருக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 3 லட்சம், 4 லட்சம் யூனிட்! கடலில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் மின்சாரத்துக்குத்தான்.

நதியும் கடலும் சேரும் இடம்

லோப் பிறகு இஸ்ரேலுக்குச் சென்றார். அங்கே சாக்கடல் இருக்கிறது. சாதாரணக் கடலைப்போல் சுமார் 10 மடங்கு உப்பு. ஜோர்டான் நதி அதில் கலக்கிறது. 1973-ல் லோப் மனத்தில் ஒரு யோசனை உதித்தது. "நல்ல நீர் உப்பு நீரில் கலக்கும்போது இவ்வளவு வேகம் பிறக்கிறதே, அது வீணாகத்தானே போகிறது? நடுவில் சவ்வை வைத்து, பெருகும் நீரைக் கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் என்ன?" என்று எண்ணினார்.

நல்ல யோசனைதான். நடைமுறைக்கு வர 36 ஆண்டுகள் ஆயின. நார்வே நாட்டில் தோப்டே என்ற இடத்தில் 2009 நவம்பரில் முதல் மாதிரி நிலையம் திறக்கப்பட்டது. பட்டத்து இளவரசி மெட்டே மாரிட் திறந்து வைத்தார். லோப் பார்க்கவில்லை. அவர் 2008-ல் இறந்துவிட்டார்.

அங்கே கிடைத்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? அதிகம் போனால் 4 கிலோவாட். வெந்நீர் போடும் ஹீட்டர் இரண்டுக்குச் சரியாகப் போயிற்று! ஒரு சதுர மீட்டர் சவ்வில் 5 வாட் கிடைத்தால் கட்டுப்படியாகும் என்பது கணக்கு. அது எட்டவில்லை. கட்டாது என்று 2013-ல் கைவிட்டார்கள்.

ஜப்பான்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். புகுவோகா நகருக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிது அல்ல. 1978-ல் தொடங்கிய வறட்சியில் 287 நாட்கள் தண்ணீர் ரேஷன்! அங்கே 2005 முதல் நாளுக்கு 5 கோடி லிட்டர் வரை தரக்கூடிய ஆலை கடல் நீரைக் குடிநீராக்குகிறது. நல்ல தண்ணீரை எடுத்த பின் எஞ்சும் நீர், கடலைவிட அதிக உப்புக் கொண்டது. உப்பு கூடினால் வேகமும் கூடும் அல்லவா? அந்தக் கழிவு நீரை ஒரு பக்கமும், சுத்தம் செய்த சாக்கடை நீரை மறுபக்கமும் விட்டு, 2025 ஆகஸ்டில் ஒரு மின் நிலையம் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 8 லட்சத்து 80 ஆயிரம் யூனிட் கிடைக்கும் என்பது அதன் திட்டம்.

நாள் கணக்கில் இது சுமார் 2,400 யூனிட். அந்தக் குடிநீர் ஆலை முழு அளவில் ஓடினால், மேலே சொன்ன கணக்குப்படி, நாளுக்கு ஒன்றரை லட்சம் யூனிட்டாவது கேட்கும். யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஆனால் இந்தப் பொரி, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், இரவிலும் பகலிலும் கிடைக்கிறது. அதோடு, கழிவு நீர் கடலுக்குத் திரும்பும்போது அதன் உப்பும் குறைந்துவிடுகிறது. கிடைக்கும் மின்சாரம் அந்தக் குடிநீர் ஆலைக்கே போகிறது.