அமிலத்திற் கரைந்த செம்பை மீட்கும் முறை

நீரும் மண்ணெண்ணெயும் ஒன்றோடொன்று கலவா என்பது யாவரும் அறிந்ததே. போத்தலொன்றில் இரண்டையும் ஊற்றி எத்துணை குலுக்கினும், சிறிது நேரத்தில் எண்ணெய் மேலாகவும் நீர் கீழாகவும் பிரிந்துவிடும். இந்த எளிய உண்மையைக் கொண்டே, அமிலக் கரைசல்களிலுள்ள பார உலோகங்கள் பல இன்று மீட்கப்படுகின்றன. இதனைக் 'கரைப்பான் பிரித்தெடுப்பு' என்பர். பிரான்சிய இரசாயனவியலாளர் பெலிகோ 1842 ஆம் ஆண்டிலேயே ஈதரைக் கொண்டு யுரேனிய உப்பைத் தூய்மைப்படுத்தினார். ஆயினும் இம்முறையை விளங்கிக்கொள்ளச் செம்பே சிறந்த எடுத்துக்காட்டு என்பது எமது கருத்து.

செம்பு மிகக் குறைவாகவுள்ள கற்களை உலையிலிட்டு உருக்குவது கட்டுப்படியாகாது. ஆகவே, அமிலத்திற் கரையக்கூடிய கற்களாயின், அவற்றைக் குன்றுபோற் குவித்து, மேலிருந்து ஐதான சல்பூரிக்கமிலத்தைச் சொட்டச் செய்வர். அடியில் வடியும் கரைசலில் லீற்றருக்குச் சில கிராம் செம்பே இருக்கும். இரும்பும் கூடவே கரைந்து வரும். முன்னாளில் இக்கரைசலிற் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுச் செம்பைப் படியச் செய்தனர். இரும்பு கரைந்து செலவாகும்; கிடைக்கும் செம்போ தூய்மையற்றது. அதனை மீண்டும் உலைக்கு அனுப்பவேண்டியிருந்தது.

1968 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் புளூபேர்ட் சுரங்கத்தில் இந்நிலை மாறியது. அங்கு ஒட்சைம் என்னும் சேதனச் சேர்வையை மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயிற் கரைத்து, அமிலக் கரைசலுடன் கலக்கினர். (எமது பாடநூல்களிற் 'சேதனம்' எனப்படுவதைத் தமிழகத்தார் 'கரிமம்' என்பர்.) இச்சேர்வையின் இரு மூலக்கூறுகள் இருபுறமும் நின்று ஒரு செப்பு அயனைப் பற்றிக்கொள்ளும். பற்றும் இடங்கள் நான்கும் சதுரமாக அமைவதால், அவ்விடம் செம்புக்கு நன்கு பொருந்தும். இரும்புக்கு அத்துணை பொருந்தாது. எனவே இரும்பின் பெரும்பகுதி நீரிலேயே தங்க, செம்பு எண்ணெய்ப் படைக்கு ஏறிவிடுகின்றது.

மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் இனித்தான் உள்ளது. செப்பு அயன் ஒன்று எண்ணெய்க்குள் நுழைகையில், ஐதரசன் அயன்கள் இரண்டு நீருக்குள் வெளியேறுகின்றன. அதாவது, செம்பை இழந்த நீரில் அமிலம் கூடுகின்றது. அந்நீரை மீண்டும் கற்குவியலின் மேல் விடலாம். இது மீளுந் தாக்கமாதலால், அமிலம் மிகுந்தவிடத்து எதிர்த்திசையிற் செல்லும். செம்பேறிய எண்ணெயை, லீற்றருக்கு ஏறத்தாழ 180 கிராம் சல்பூரிக்கமிலம் கொண்ட கரைசலுடன் கலக்கினால், ஐதரசன் அயன்கள் உட்புகுந்து செம்பை வெளியே தள்ளிவிடும். ஐதான அமிலத்திலிருந்து செம்பை எடுத்த அதே எண்ணெய், செறிந்த அமிலத்துக்கு அதனைக் கொடுத்துவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றது. பின்னர் அச்செறிந்த கரைசலில் மின்னைச் செலுத்த, 99.99 சதவீதமளவு தூய செம்பு கதோட்டிற் படிகின்றது. செலவான அமிலமும் மீளப் பிறக்கின்றது. இரும்புத் துண்டும் வேண்டா, உலையும் வேண்டா.

உலைப்புகை இல்லையெனினும் இம்முறைக்கும் இடர்கள் உண்டு. பாரிய தொட்டிகளில் நிற்பது எரியக்கூடிய எண்ணெய். தென் அவுஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் சுரங்கத்திலுள்ள பிரித்தெடுப்பு நிலையத்தில் 1999 டிசெம்பரிலும் 2001 ஒக்ரோபரிலும் பெருந்தீ மூண்டது. கற்குவியலின் அடியில் நீர்புகாத விரிப்பு இடப்படுவதும் காரணத்தோடுதான். அது கிழிந்தால் அமிலமும் உலோகமும் நிலத்தடி நீரிற் கலக்கும். சுரங்கம் மூடப்பட்டு ஆட்கள் போன பின்னரும், மழை பெய்யுந்தோறும் அக்குவியலிலிருந்து அமிலநீர் வடியக்கூடும்.