குறிகையும் கையாளியும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஓடுநிரல் என்போம். அது எதிர்பாராத நொடியில், இயங்குதளத்தின் நடுவே நின்று வன்பொருளை ஆளும் கருவகம் அதற்கு விடுக்கும் எண்வடிவ அறிவிப்பே குறிகை. குறிகை நீட்டி முழக்குவதில்லை. இன்னது நேர்ந்தது என்பதை ஓர் எண்ணால் உணர்த்திவிட்டு, என்ன செய்வதென்ற முடிவை ஓடுநிரலிடமே விடுகிறது.

பிறப்பிடம் நோக்கின் குறிகைகள் இருவகைப்படும். தன் செயலால் தானே வருவித்துக்கொள்வது ஒருவகை: தனக்குரியதல்லாத நினைவக இடத்தைத் தொட்ட நிரலுக்கு 11ஆம் குறிகையும், முழுஎண்ணைச் சுழியால் வகுக்க முயன்ற நிரலுக்கு 8ஆம் குறிகையும் வரும். புறத்திலிருந்து வருவது மறுவகை: விசைப்பலகையில் கட்டுப்பாட்டு விசையையும் ‘சி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் 2ஆம் குறிகை; குறித்த கெடு தீர்ந்தால் 14; முடித்துக்கொள் என்று பிறிதொரு நிரல் வேண்டினால் 15. இவற்றை ஏற்பதற்கென நிரலர் எழுதிவைக்கும் செயற்கூறு கையாளி எனப்படும். கையாளி இல்லாதவிடத்துக் கருவகம் தன் வழக்கப்படி நடக்கும். அவ்வழக்கு பெரும்பாலும் நிரலை முடித்துவிடுவதே. 9ஆம் குறிகைக்கோ கையாளி அமைக்கவும் இயலாது, அதைத் தடுக்கவும் இயலாது.

பிற கணினிகளின் வேண்டுகைகளுக்கு விடையளிக்கும் வழங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுபவை. புதிய பதிப்பு ஏறும்போதெல்லாம் பழைய ஓடுநிரல் விலகியாக வேண்டும். குபர்னெட்டீஸ் போன்ற மேலாண்மை அமைப்பு முதலில் 15ஐ விடுக்கிறது. வேறு கட்டளை இல்லையேல் 30 நொடி பொறுத்து, பின்னரே 9ஐ ஏவுகிறது. அந்த 30 நொடிக்குள் கையிலுள்ள வேண்டுகைகளுக்கு விடையளித்து, தரவுத்தள இணைப்புகளை மூடி விடைபெறுவது நல்ல நிரலுக்கு இலக்கணம். எடுத்த எடுப்பிலேயே 9ஐ ஏவும் பழக்கம் நம்மிடையே மலிந்திருப்பது சோம்பலன்றி வேறில்லை.

கையாளியின் சிக்கல் அது புகும் இடத்தில் உள்ளது. நிரலின் எந்த இரு இயந்திரக் கட்டளைகளுக்கிடையிலும் அது நுழையலாம். நினைவகத்தில் இடம் ஒதுக்கும் செயற்கூறு தன் கணக்கேட்டைப் பூட்டிவிட்டு, பாதி வேலையில் நிற்கிறது எனக் கொள்க. அந்நொடியில் குறிகை வர, கையாளியும் அதே செயற்கூற்றை அழைத்தால், பூட்டுத் திறக்கட்டும் என்று அது காத்திருக்கும். திறக்க வேண்டிய நிரலோ கையாளி முடியட்டும் என்று நின்றிருக்கும். இரண்டும் ஒரே இழையில், அதாவது ஒரே செயலோட்டத்தில், ஓடுவதால் இம்முட்டுக்கட்டைக்குத் தீர்வில்லை. ஆகவே சி மொழியில் வகுத்த நெறி இது: கையாளி ஒரு மாறியில் குறியிட்டுத் திரும்புக, பணியை முதன்மை ஓட்டம் பின்னர்ச் செய்க.

இந்நெறி பிறழ்ந்ததன் விளைவை 2024 சூலையில் உலகம் கண்டது. தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில், 120 நொடிக்குள் தன்னை மெய்ப்பிக்காதவரை விலக்க 14ஆம் குறிகை எழும். அதன் கையாளி, பதிவேட்டில் எழுதும் செயற்கூறொன்றை அழைத்தது. அதுவோ லினக்சில் நினைவக ஒதுக்கீட்டைத் தொடுவது. நொடியின் நுண்கூறு பார்த்துத் தாக்குபவர், கடவுச்சொல் இன்றியே முழு உரிமை பெறக்கூடும் எனக் குவாலிசு நிறுவன ஆய்வாளர் காட்டினர். 2006இல் அடைத்த ஓட்டையே அது. 2020இல் செய்த ஒரு மாற்றத்தில் காப்புவரி விடுபட, மீண்டும் திறந்துகொண்டது. ஆழ்ந்து தேர்ந்தோர் கையிலேயே இது நழுவியதென்றால், காவலை நிரலரின் நினைவாற்றலிடம் ஒப்படைப்பது தகாது. நிரல்மொழியே அதை ஏற்க வேண்டும்.

அவ்வழியில் மொழிகள் நடக்கத் தொடங்கி நெடுநாளாயிற்று. பெர்ல் மொழி 2002இல் வந்த 5.8ஆம் பதிப்பில் கையாளிகளைத் தகுந்த இடைவெளி வரும்வரை ஒத்திவைக்கக் கற்றது. பைத்தானில் அடித்தளக் கையாளி குறியிடுவதோடு சரி. நாம் எழுதிய செயற்கூறு, முதன்மை இழையில், இரு பைத்தான் கட்டளைகளுக்கு நடுவே ஓடுகிறது. இதற்கொரு விலையும் உண்டு: சி மொழியில் எழுதிய நெடுங்கணக்கு ஒன்று உள்ளே ஓடும்போது எத்தனை முறை கட்டுப்பாட்டு விசையையும் ‘சி’ விசையையும் அழுத்தினும் பைத்தான் வாளாவிருக்கும்.

கோ மொழி வேறு வழி கண்டது. குறிகையை ஒரு வாய்க்காலில் இட்டு அனுப்புகிறது. நிரலர் அதை ஏனைத் தரவுகளைப் போலவே தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வாய்க்காலில் ஓர் இடமேனும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்காவிடின், பெறுபவர் வேறு பணியில் இருக்கும் நொடியில் வந்த 15ஐ மொழி நிறுத்திவைத்துத் தராது, கைவிட்டுவிடும். 30 நொடி வீணே கழிந்து 9 வந்து சேரும்.